குண்டுகரிச்சானும் திமிங்கலமும் சொந்தமா?

காகம் பாடும் பறவை. குயில் பாடும் பறவை இல்லை.

விலங்கியல்காரர்களின் கணக்கு இது. முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. காலங்காலமாகக் கவிஞர்கள் குயிலுக்குக் கட்டிய கோயிலை ஒரே வரியில் இடித்துவிட்டார்களே என்று. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அவர்கள் சொல்லும் 'பாடும் பறவை' என்பது இனிமைக்குக் கொடுக்கும் பட்டம் இல்லை. அது ஒரு வம்சத்தின் பெயர்.

உலகத்தில் ஏறக்குறைய 11,000 பறவை இனங்கள் உண்டு. அவற்றில் பாதிக்கும் மேல் பாசரிஃபார்மீஸ் என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. 'பாசர்' என்றால் லத்தீனில் சிட்டுக்குருவி. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒரு விரல் என்று கிளையை இறுகப் பற்றும் கால் இந்த வரிசையின் அடையாளம். இதற்குள் இருக்கும் பெருங்கிளைதான் பாடும் பறவைகள். அதில் மட்டும் சுமார் 5,000 இனங்கள். காகம், மைனா, தையல்சிட்டு, தேன்சிட்டு, தவிட்டுக்குருவி எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். குயில் வேறு வீடு. செம்போத்துதான் அதற்குப் பங்காளி.

இந்த வம்சப் பிரிவுக்குள் ஒரு பெரிய சங்கதி ஒளிந்திருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் இன்னொரு பாடகரை மேடைக்குக் கூப்பிட வேண்டும். அவர் கடலில் இருக்கிறார், எடை முப்பது டன்.

ஒரு பாடும் பறவையையும் ஒரு திமிங்கலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. பறவைக்குக் குண்டுகரிச்சானை எடுத்துக்கொள்கிறேன். சில ஊர்களில் வண்ணாத்திக் குருவி என்பார்கள். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு, விடியற்காலையில் ஆன்டெனா உச்சியிலோ மின்கம்பியிலோ உட்கார்ந்து பாடுமே, அதுதான். வங்கதேசத்தின் தேசியப் பறவையும் இதுவே. திமிங்கலத்தில் கூன்முதுகுத் திமிங்கலம். திமிங்கலங்களிலேயே பாட்டுக்குப் பேர்போனது அது.

முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். குண்டுகரிச்சான் சுமார் 35 கிராம். கூன்முதுகுத் திமிங்கலம் 25 முதல் 30 டன், நீளம் பதினைந்து மீட்டர் வரை. ஒரு திமிங்கலத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால் மறு தட்டில் எட்டரை லட்சம் குண்டுகரிச்சான்களை உட்கார வைக்க வேண்டும். இப்படிப்பட்ட இரண்டை ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டா? உண்டு. ஆனால் 'இது பெரிசு அது சிறிசு, இது கடலில் அது மரத்தில்' என்று பட்டியல் போட்டால் ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு ஒற்றுமையைப் பார்க்கும்போதும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது தாத்தா சொத்தா, சுயசம்பாத்தியமா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'அமைப்பு ஒத்த உறுப்புகள்', 'செயல் ஒத்த உறுப்புகள்' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று வரும். நாமெல்லாம் மனப்பாடம் செய்து எழுதியதுதான். பொது மூதாதையிடமிருந்து இருவருக்கும் வந்த ஒற்றுமை முதல் வகை. வாழும் சூழல் ஒரே மாதிரி நெருக்கியதால் இருவரும் தனித்தனியே செய்துகொண்ட ஒற்றுமை இரண்டாம் வகை. மனப்பாடம் செய்தபோது அது எவ்வளவு சுவாரசியமான கேள்வி என்று எனக்குத் தெரியவில்லை.

தாத்தா சொத்துக்கு நல்ல உதாரணம் கை. குண்டுகரிச்சானின் இறக்கையில் தோளிலிருந்து ஒரே எலும்பு, அதற்கப்புறம் இரண்டு எலும்புகள், பிறகு மணிக்கட்டுச் சில்லுகள், பிறகு விரல்கள். திமிங்கலத்தின் துடுப்பைப் பிரித்துப் பார்த்தாலும் அதே வரிசைதான். உங்கள் கையைத் தடவிப் பாருங்கள், அங்கேயும் அதுவேதான். பறவையில் விரல்கள் குறைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. திமிங்கலத்தில் விரல் எலும்புகள் எண்ணிக்கையில் கூடி நீண்டுவிட்டன. கூன்முதுகுத் திமிங்கலத்தின் துடுப்பு அதன் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வரும். அதனால்தான் அதன் அறிவியல் பெயரை மெகாப்டெரா என்று வைத்தார்கள். கிரேக்கத்தில் 'பெரிய இறக்கை' என்று பொருள். தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, நமக்கு வேண்டிய விஷயம் பெயரிலேயே இருக்கிறது.

அந்தப் பொதுத் தாத்தா எப்போது வாழ்ந்தார்? சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். பல்லி போன்ற உருவம், நிலத்தில் முட்டையிடக் கற்றுக்கொண்ட பிராணி. அதன் வாரிசுகள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. ஒரு பக்கம் பல்லி, பாம்பு, ஆமை, முதலை, டைனோசர், டைனோசர் வழியாகப் பறவை. மறுபக்கம் பாலூட்டிகள். ஆக, குண்டுகரிச்சானுக்குத் திமிங்கலத்தைவிட முதலைதான் நெருங்கிய உறவு.

திமிங்கலத்தின் நெருங்கிய உறவு யார் என்பது இன்னும் வேடிக்கையான கதை. மீன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது, மூச்சுவிட மேலே வருகிறது. (பெயரில் மீன் இருக்கிறதே என்றால், 'திமி' என்ற பெருமீனையே விழுங்குவது திமிங்கிலம் என்பது வடமொழிக் கற்பனை.) உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கியது நீர்யானை. ஆடு, மாடு, ஒட்டகம், பன்றி என்று இரட்டைக் குளம்புக்காரர்கள் கூட்டத்தில்தான் திமிங்கலமும் வருகிறது. இதற்கு முக்கியமான சாட்சி ஒன்று ஜம்மு காஷ்மீரில் கிடைத்தது. இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கராவ், ரஜௌரி மாவட்டத்தில் காலாகோட் பகுதியில் பாறைகளைச் சேகரித்து வைத்திருந்தார். பல பாறைகளை உடைத்துப் பார்க்காமலேயே காலமாகிவிட்டார். அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிஸன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். பாறைக்குள் இருந்த மண்டை ஓட்டைச் சுத்தம் செய்தபோது காதெலும்பு தற்செயலாக உடைந்தது. உள்ளே பார்த்தால், திமிங்கலங்களுக்கு மட்டுமே உரிய தடித்த காதெலும்புச் சுவர்! பூனையைவிடக் கொஞ்சம் பெரிய, மெலிந்த கால்களும் குளம்புகளும் கொண்ட இந்தோஹையஸ் என்ற அந்தப் பிராணி சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. 2007இல் முடிவு வெளியானது. நாலு காலில் நடந்த ஒன்றின் காதில் திமிங்கலத்தின் அடையாளம். பாட்டைப் பற்றிப் பேசப்போகும் நமக்குக் காதிலிருந்து கதை தொடங்குவது பொருத்தம்தான்.

உடல் அளவு வாழ்க்கையின் வேகத்தையே மாற்றிவிடுகிறது. மாக்ஸ் கிளைபர் என்பவர் 1932இல் கண்ட ஒரு கணக்கு இருக்கிறது: பாலூட்டிகளில் எடை 10,000 மடங்கு கூடினால் உணவுத் தேவை கிட்டத்தட்ட 1,000 மடங்குதான் கூடுகிறது. கிராமுக்குக் கிராம் பார்த்தால் பெரிய உடம்பு சிக்கனமானது. திமிங்கலம் குளிர்ந்த கடலில் கோடை முழுக்கத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, இனப்பெருக்கத்துக்காக வெப்பக் கடலுக்கு வந்து மாதக்கணக்கில் ஏறக்குறையப் பட்டினி கிடக்கும். சின்னப் பறவைக்கு அந்த வசதி கிடையாது. குளிர்நாட்டுக் குருவி ஓர் இரவைத் தாண்டுவதற்குள் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். விடிந்ததும் தேடித் தின்றே ஆக வேண்டும். குண்டுகரிச்சான் மரப்பொந்தில் நாலைந்து முட்டையிட்டு இரண்டு வாரத்தில் பொரித்துவிடும். திமிங்கலம் ஒரே குட்டியைப் பதினொரு மாதம் சுமக்கும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அளவைப் பற்றி இவ்வளவு போதும். எனக்கு அவசரமாகப் போக வேண்டிய இடம் தொண்டை.

தொண்டைக்குள் என்ன இருக்கிறது

நமக்குக் குரல்வளை மூச்சுக்குழாயின் மேல்முனையில் இருக்கிறது. பறவைக்கும் அங்கே ஒன்று உண்டு, ஆனால் அது பாடுவதில்லை. பறவையின் வாத்தியம் அடியில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரல்களுக்குள் போகும் கவட்டில் இருக்கிறது. சிரிங்ஸ் என்று பெயர். கவட்டில் இருப்பதால் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு ஒலிமூலங்கள். பாடும் பறவைகள் இரண்டையும் தனித்தனியே இயக்க வல்லவை. வட அமெரிக்காவின் சில பாடும் பறவைகள் ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை எழுப்புவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் நாதஸ்வரக் கச்சேரியில் இரட்டை நாயனத்துக்கு இரண்டு வித்வான்கள் தேவை. இவற்றுக்கு ஒரே ஆள் போதும்.

மூச்சு எங்கே விடுகிறது என்று தோன்றும். கானரிப் பறவை வேகமான உருட்டல்களைப் பாடும்போது ஒவ்வொரு துண்டு ஒலிக்கும் நடுவில் குட்டிக் குட்டியாக மூச்சிழுத்துக்கொள்கிறது. நொடிக்குச் சுமார் முப்பது முறைகூட. நமக்குக் கேட்பது இடைவெளியே இல்லாத ஒரு நீண்ட இழை.

திமிங்கலத்தின் பாடு வேறு. கடலுக்கடியில் மூச்சை வெளியே விட்டால் காற்று போய்விடும். அடுத்த மூச்சுக்கு மேலே போக வேண்டும். பாடும் திமிங்கலம் தலை கீழாக, வால் மேலாக, தண்ணீருக்குள் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். குமிழ்கூட வராது. அப்படியானால் சத்தம் எப்படி வருகிறது? 2024இல்தான் தெளிவான விடை கிடைத்தது. டென்மார்க்கில் கூன் எலெமன்ஸ் குழுவினர், கரை ஒதுங்கிய மூன்று வகைத் திமிங்கலங்களின் குரல்வளைகளை எடுத்து அவற்றின் வழியே காற்றை ஊதிப் பார்த்தார்கள். பல்லுக்குப் பதில் சல்லடைத் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கலங்களின் (கூன்முதுகும் அதில் ஒன்று) குரல்வளைக்குள் யு வடிவக் குருத்தெலும்பு ஒன்றும் எதிரே ஒரு கொழுப்புத் திண்டும் இருக்கின்றன. காற்று இரண்டுக்கும் நடுவே போகும்போது திண்டு அதிர்ந்து ஒலிக்கிறது. போன காற்று ஒரு பையில் சேர்ந்து திரும்பவும் நுரையீரலுக்கு வருகிறது. அதே மூச்சை மறுபடி மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு. இதில் எனக்குப் பிடித்த செய்தி, எலெமன்ஸ் பறவைகளின் சிரிங்ஸை ஆராய்ந்து பெயர் பெற்றவர் என்பது. குருவியின் தொண்டையிலிருந்து நேரே திமிங்கலத்தின் தொண்டைக்குப் போனவர் அவர்.

திமிங்கலத்தின் குரல்வளை பாலூட்டிகளுக்கெல்லாம் பொதுவான பழைய குரல்வளைதான், கடலுக்காகத் திருத்திக் கட்டியது. பறவையின் சிரிங்ஸ் அந்த வம்சம் புதிதாகச் செய்துகொண்ட கருவி. ஆக வாத்தியம் தாத்தா சொத்து இல்லை. இருவரும் தனித்தனியே வாங்கியது.

தண்ணீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் ஓடும். காற்றில் 340 சொச்சம்தான். அதிலும் அடித்தொண்டைச் சத்தம் கடலில் வெகுதூரம் போகும். வெளிச்சமோ சில பத்து மீட்டரிலேயே மங்கிவிடும். பார்வை உதவாத இடத்தில் குரல்தான் முகவரி. இலைகள் அடர்ந்த மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி ஞானமும் சாதகமும்

இப்போது குயிலுக்குத் திரும்பலாம்.

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும். குஞ்சு காக்கைச் சத்தத்தைக் கேட்டே வளர்கிறது. சோறூட்டுவதும் காக்கை. ஆனால் ஆண்குயில் வளர்ந்ததும் 'கா' என்று கரைவதில்லை, 'கூ… ஊ' என்றுதான் கூவுகிறது. யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. அதன் கூவல் பிறப்பிலேயே வந்தது. சேவலின் கூவலும் மயிலின் அகவலும் புறாவின் குமுறலும் அப்படித்தான்.

பாடும் பறவை அப்படியில்லை. அது பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் 1950களில் இதைச் சோதித்தார். சாஃபின்ச் என்ற சின்னப் பறவையின் குஞ்சுகளை, பெரியவற்றின் பாட்டே காதில் விழாதபடி தனியாக வளர்த்தார். பருவம் வந்ததும் அவை பாடத்தான் செய்தன. ஆனால் நீளம் மட்டும் சரியாக இருந்தது, சங்கதிகள் இல்லை. பாட்டின் வெறும் கூடு. குஞ்சுப் பருவத்தில் பெரியவற்றின் பாட்டைக் கேட்க வைத்தால் அடுத்த ஆண்டு சரியாகப் பாடின.

கேட்பது மட்டும் போதாது. 1965இல் மசகாசு கொனிஷி இன்னொன்றைக் காட்டினார். பாட்டைக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்ட பறவைகூட, தான் பாடத் தொடங்கும் முன் காது கேளாமல் போனால் அதனால் பாட்டைச் சரியாகக் கொண்டுவர முடியாது. தன் குரலைத் தானே கேட்டு, மனத்தில் இருக்கும் மாதிரியோடு ஒப்பிட்டு, திருத்தித் திருத்திப் பழக வேண்டும். நம் ஊர்ச் சங்கீதத்தில் இதற்கு இரண்டு அருமையான சொற்கள் உண்டு. முதலில் கேள்வி ஞானம், பிறகு சாதகம். இளம் பறவை சாதகம் செய்யும்போது பாட்டு தெளிவில்லாமல் முணுமுணுப்பாக இருக்கும். குழந்தையின் மழலையோடு இதை 1871இலேயே டார்வின் ஒப்பிட்டிருக்கிறார்.

கற்றுக்கொள்வது என்று ஆகிவிட்டால் ஊருக்கு ஊர் வழக்கு மாறும். கலிஃபோர்னியாவில் பீட்டர் மார்லரும் மிவாகோ தமுராவும் 1962இல் வெண்முடிக் குருவிகளின் பாட்டைப் பதிவுசெய்து பார்த்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி ஒவ்வொரு பகுதிக்கும் தனி வழக்கு இருந்தது. பாடாந்தரம் என்று நம் வித்வான்கள் சொல்வது இதைத்தான். நம் குண்டுகரிச்சான் தன் பாட்டோடு நிற்காமல் மற்றப் பறவைகளின் குரலையும் இடையில் செருகிவிடும். காலையில் ஒரே இடத்திலிருந்து நாலு பறவைகளின் குரல் கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள்.

திமிங்கலத்திடம் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? முப்பது டன்னுக்கு வளரப்போகும் குட்டியை ஒலி புகாத அறையில் வளர்க்க முடியுமா? காது கேட்காமல் செய்துதான் பார்க்க முடியுமா? முடியாது, கூடவும் கூடாது. அதனால் திமிங்கலத்தின் கதை முழுக்க ஒட்டுக்கேட்டதிலிருந்து வந்தது.

பெர்முடா தீவுக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கடற்படை கடலுக்கடியில் ஹைட்ரோபோன் என்ற நீரடி ஒலிவாங்கிகளைப் போட்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஃபிராங்க் வாட்லிங்டன் என்ற பொறியாளர் விசித்திரமான முனகல்களையும் கேவல்களையும் டேப்பில் பிடித்து வைத்திருந்தார். அது ரோஜர் பெய்ன், கேட்டி பெய்ன் தம்பதியிடம் வந்து சேர்ந்தது. ஒலியைக் கோட்டுப் படமாக வரையும் ஸ்பெக்ட்ரோகிராஃப் என்ற கருவியில் போட்டுப் பார்த்தபோது அதே வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் எழுதிய கட்டுரையில், ஏழு முதல் முப்பது நிமிடம் வரை நீளும் ஒலிவரிசை அப்படியே மறுபடி வருகிறது என்று காட்டி, அதற்குப் 'பாட்டு' என்றே பெயர் வைத்தார்கள். பெயர் சும்மா அழகுக்கு வைத்ததில்லை. பறவை ஆய்வாளர்கள் எதைப் பாட்டு என்பார்களோ அதே அளவுகோல். பறவைப் பாட்டு சில நொடிகளில் முடியும், இது அரைமணி நேரம் ஓடும், அவ்வளவுதான். திமிங்கலப் பாட்டைப் பல மடங்கு வேகமாக ஓடவிட்டால் சட்டென்று ஒரு பறவை பாடுவது போலவே கேட்கும்.

ஓர் இடைச்செருகல். குருவிப் பாட்டைப் படிக்க உதவிய ஸ்பெக்ட்ரோகிராஃப் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெல் ஆய்வகத்தில் உருவானது. திமிங்கலத்தைக் கேட்க உதவிய ஹைட்ரோபோன் நீர்மூழ்கிகளை வேவு பார்க்கப் போட்டது. சண்டைக்குச் செய்த கருவிகள் கடைசியில் பாட்டு கேட்கப் பயன்பட்டன.

திமிங்கலப் பாட்டின் கட்டுமானம் யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு எளிதில் பிடிபடும். எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி என்று நாம் போவதுபோல, ஒற்றை ஒலிகள் சேர்ந்து தொடர், தொடர் பலமுறை திரும்பி ஒரு கண்ணி, கண்ணிகள் வரிசையாக வந்து ஒரு பாட்டு. கண்ணிகள் அதிகமாக உள்ள பாட்டுகளில் எதுகை போல ஒரே மாதிரி ஒலிக்கும் இடங்கள் வருவதை லிண்டா குய்னீயும் கேட்டி பெய்னும் 1988இல் எழுதினார்கள். நீண்ட பாட்டை நினைவில் வைக்க அது உதவலாம் என்பது அவர்கள் ஊகம். எதுகை மோனையே இல்லாமல் நம்மால் எத்தனை செய்யுளை ஒப்பித்திருக்க முடியும்?

பாடுவது ஆண்கள் மட்டும். பெண்ணை ஈர்க்கவா, மற்ற ஆண்களோடு கணக்குத் தீர்க்கவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. பறவைகளில் இந்த விஷயம் கொஞ்சம் தெளிவு: இது என் எல்லை, நான் இங்கே இருக்கிறேன், ஜோடி தேவை. பறவைகளிலும் ஆண்தான் பாடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் பாடும் பறவைகளின் மூதாதைகளில் பெண்களும் பாடியிருக்க வேண்டும் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. கவனித்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்ததால் வந்த மயக்கம் அது. வெப்பநாடுகளில் பெண்பறவை பாடுவது அபூர்வம் இல்லை.

திமிங்கலம் கற்றுக்கொண்டுதான் பாடுகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே? பாட்டு மாறுவதில். ஒரு கடற்பகுதியின் ஆண்கள் எல்லாம் ஒரு பருவத்தில் ஒரே பாட்டைப் பாடுகின்றன. அது ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. ஒருவர் மாற்றினால் எல்லோரும் மாற்றுகிறார்கள். பிறவியில் வந்த சத்தம் இப்படி மாறாது. 1996இல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலில் எண்பது சொச்சம் பாடகர்களைப் பதிவுசெய்ததில் இரண்டு மட்டும் முற்றிலும் வேறு பாட்டைப் பாடின. அது மேற்குக் கரைத் திமிங்கலங்களின் பாட்டு. 1998க்குள் கிழக்குக் கரை மொத்தமும் பழைய பாட்டைக் கைவிட்டுப் புதிதைப் பாடிக்கொண்டிருந்தது. போன தீபாவளிப் பாட்டை இந்தத் தீபாவளிக்கு யாரும் முணுமுணுக்காத மாதிரி. பிறகு எல்லன் கார்லண்டும் மற்றவர்களும் 2011இல் காட்டியது இன்னும் பெரிது: கிழக்கு ஆஸ்திரேலியாவில் புறப்படும் பாட்டு, சில ஆண்டுகளில் தீவு தீவாகக் கிழக்கு நோக்கிப் பரவி ஃபிரெஞ்சு பாலினேசியா வரை போய்விடுகிறது.

குருவிகளில் இப்படி நடக்காது என்றுதான் எண்ணியிருந்தார்கள். வழக்கு ஊரோடு ஒட்டிக் கிடக்கும் என்று கணக்கு. 2020இல் அதுவும் போயிற்று. கனடாவின் மேற்குக் கோடியில் ஒருவகைக் குருவி தன் பாட்டின் முடிவை மூன்று மூன்று சுரமாகப் பாடுவதை விட்டு இரண்டிரண்டாகப் பாடத் தொடங்கி, இருபது ஆண்டுகளில் அந்தப் புது முடிவு 3,000 கிலோமீட்டர் கிழக்கே பரவியிருந்தது.

சொத்துத் தகராறு

சரி, இருவரும் பாட்டைக் கேட்டுக் கற்கிறார்கள். இது தாத்தா சொத்தா?

ஒரு குடும்ப மரம் வரைந்து பாருங்கள். அடியில் 32 கோடி ஆண்டுக்கு முந்தைய தாத்தா. ஒரு கிளையின் நுனியில் குண்டுகரிச்சான். அந்தக் கிளையில் வழிநெடுக யார் யார்? முதலை: குரலைக் கற்பதில்லை. கோழி, மயில், புறா, குயில்: கற்பதில்லை. கிளி, ரீங்காரச்சிட்டு, பாடும் பறவை ஆகிய மூன்று கூட்டம் மட்டும் கற்கின்றன. மறு கிளையின் நுனியில் திமிங்கலம். அதன் பக்கத்துவீட்டுக்காரர்களான நீர்யானையும் மாடும் அப்படிப் பாட்டுக் கற்பதாகத் தெரியவில்லை. கற்பவை தூரத்துக் கொப்புகளில் அங்கங்கே இருக்கின்றன: மனிதர், வௌவால், யானை, சீல். தென்கொரிய மிருகக்காட்சிசாலையில் கோஷிக் என்ற யானை தும்பிக்கையை வாய்க்குள் விட்டுக் கொரியச் சொற்களைச் சொன்னது 2012இல் செய்தியானது.

தாத்தாவிடம் இந்தத் திறமை இருந்தது என்று வைத்துக்கொண்டால், முதலையிலிருந்து மாடு வரை எத்தனையோ வாரிசுகள் தனித்தனியே அதைத் தொலைத்திருக்க வேண்டும். அதைவிட, அங்கங்கே சிலர் தாமாகச் சம்பாதித்தார்கள் என்பது எளிய விடை. ஆகவே சுயசம்பாத்தியம். இரண்டு கிராமங்களில் ஒருவருக்கொருவர் தெரியாமலே ஏற்றம் கண்டுபிடித்த மாதிரி. கிணறு ஆழம் என்றால் யோசனை ஒரே திசையில்தானே போகும்?

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஃபாக்ஸ்-பி2 என்று ஒரு மரபணு. அதில் பழுது வந்த குடும்பம் ஒன்றில் பேச்சு சிக்கலாவதை 2001இல் கண்டறிந்தார்கள். பின்னர் வரிக்குருவிக் குஞ்சுகளின் மூளையில் அதே மரபணுவின் அளவைக் குறைத்தபோது அவையும் குருவின் பாட்டை அரைகுறையாகத்தான் பிடித்தன. இந்த மரபணு முதுகெலும்புள்ள எல்லாப் பிராணிகளிடமும் உண்டு. கோழியிடமும் முதலையிடமும்கூட. அதாவது, வீடு தனித்தனியே கட்டியதுதான், ஆனால் செங்கல் தாத்தா விட்டுப்போனது. பத்தாம் வகுப்பில் இரண்டு கட்டங்களாகப் பிரித்து எழுதியது இந்த இடத்தில் கொஞ்சம் கலங்கிவிடுகிறது. எனக்கு அந்தக் கலக்கம் பிடித்திருக்கிறது.

நம் பக்கத்துக் கடலிலும் பாடகர்கள் உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. அரபிக்கடலில் ஒரு கூன்முதுகுக் கூட்டம் இருக்கிறது. மற்றவற்றைப் போலத் துருவக் கடலுக்கு வலசை போகாமல் வருடம் முழுவதும் இங்கேயே வாழ்கிறது. சுமார் 70,000 ஆண்டுகளாக மற்றக் கூட்டங்களோடு கலக்காமல் தனித்திருக்கிறது என்று மரபணு ஆய்வு சொல்கிறது. ஓமான் கரையோரம் எடுத்த கணக்கில் நூறுகூடத் தேறவில்லை. 1966இல் சோவியத் கப்பல்கள் திருட்டுத்தனமாக இருநூற்றுக்கும் மேல் வேட்டையாடிவிட்டுப் போனதும் ஒரு காரணம். கற்றுக்கொள்ள வேண்டிய பாட்டுக்குக் குரு வேண்டும். கூட்டம் சுருங்கினால் குருவும் அருகிப்போவார்.

இரைச்சலும் இருவருக்கும் பொதுவான தொல்லை. திமிங்கலத்தின் அடித்தொண்டைக் குரலும் கப்பல் எஞ்சினின் உறுமலும் ஒரே அதிர்வெண்ணில் மோதுகின்றன. நெதர்லாந்தில் லைடன் நகரத்துப் பட்டாணிக்குருவிகள், வண்டிச் சத்தம் கூடிய இடங்களில் பாட்டின் அடிச் சுரங்களை மேலே தூக்கிப் பாடுவதை 2003இல் கண்டார்கள். இரைச்சல் நின்றால் என்ன ஆகும் என்று சோதனை செய்ய உலகத்தை நிறுத்த முடியாது. ஆனால் இரண்டு முறை அது தானாக நின்றது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. கடலுக்கடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அங்கே ரைட் திமிங்கலம் என்ற இன்னொரு வகையின் சாணத்தை வேறு ஆராய்ச்சிக்காகச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு எடுத்துப் பார்த்தால் அந்த நாட்களில் மன அழுத்தத்துக்கான ஹார்மோன் குறைந்திருந்தது.

2020 வசந்தத்தில் ஊரடங்கு. மார்லர் குழுவினர் வழக்குகளைப் பதிவுசெய்த அதே சான் ஃபிரான்சிஸ்கோவில், அதே வெண்முடிக் குருவிகள். பாலங்களில் வண்டி இல்லை. எலிசபெத் டெர்ரிபெர்ரியும் குழுவும் போய்ப் பதிவுசெய்தபோது, குருவிகள் கத்துவதை நிறுத்திவிட்டு மெல்லிய குரலில், அடிச் சுரங்கள் வரை இறங்கிப் பாடிக்கொண்டிருந்தன. குரல் தணிந்தும் முன்னைவிட இரண்டு மடங்கு தூரம் கேட்டது.